தலைவர் மனுவைத் தள்ளிய தேர்தல்

1. ஆட்சேபணை

“இந்தம்மா தொழிலாளியே கெடையாதுங்கய்யா. ஸ்டாஃப். ஸ்டாஃப் எப்படி தொழிலாளர் சங்கத்துல தலைவருக்கு நிக்க முடியும்?”

சேகர் இதைச் சொன்னது எஸ்டேட் கிளப் அறையில். பந்தலூருக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டிய ஒரு டீ எஸ்டேட் அது. பெயர் வேண்டாம். கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அதன் ஸ்டாண்டின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதைத்தான் எனக்கு மேஜையாகக் கொடுத்திருந்தார்கள். கிளைத் தலைவர் தேர்தலுக்கு வந்த மனுக்களை நான் பரிசீலனை செய்துகொண்டிருந்தேன். வந்தவை இரண்டே மனுக்கள். ஒன்று, நெடுநாளாகத் தலைவராக இருக்கும் சுப்பையாவுடையது. இன்னொன்று, யோகேஸ்வரி என்ற பெண்ணுடையது.

நான் குன்னூரில் ஒரு தொழிற்சங்கத்தின் மாவட்ட அலுவலகத்தில் அலுவலகச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கிளைத் தேர்தல் வந்தால் தேர்தல் அதிகாரி வேலையும் என் தலையில்தான் விழும். கட்டபெட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன். டீச் செடி நடுவிலேயே வளர்ந்தாலும் கொழுந்து பறித்தவன் இல்லை. எந்த எஸ்டேட்டிலும் எனக்குச் சொந்தபந்தம் கிடையாது. அதனாலேயே என்னை அனுப்புவார்கள்.

அந்தப் பயணங்களை இப்போது நினைத்தாலும் மனசு குளிர்கிறது. ஊட்டியில் பஸ் மாறி, கூடலூரில் இறங்கி ஒரு மலையாளி கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, பந்தலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், தேவாலா தாண்டும்போது மழை பிடித்துக்கொள்ளும். எஸ்டேட் கேட்டில் இறங்கியதும் ஃபேக்டரியிலிருந்து டீத்தூள் வாசம் வரும். ஓய்வு பெற்ற பிறகு விலை கூடிய டீத்தூளாகப் பார்த்து வாங்கிப் பார்த்தேன். அந்த வாசம் அதில் இல்லை.

யோகேஸ்வரி பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அதைப் ‘புள்ளக்காம்பரா’ என்பார்கள். காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பரிசீலனைக்கு வந்தபோதும் யோகேஸ்வரியின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதன் தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அவர் தேர்தலில் நிற்கக் காரணம் அந்தப் புள்ளக்காம்பராதான். குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, அதை மூடிவிட்டுக் கீழ் டிவிஷனில் இருப்பதோடு சேர்த்துவிட நிர்வாகம் முடிவு செய்திருந்தது. கீழ் டிவிஷனுக்குப் போகும் பாதையில் யானை நிற்கும். விடியற்காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியில் யார் போவார்கள்? சுப்பையாவிடம் போய்க் கேட்டபோதெல்லாம் “பேசிக்கலாம் புள்ள” என்றே சொன்னாராம். கடைசியில் பெண்கள் கூடிப் பேசி யோகேஸ்வரியை நிறுத்திவிட்டார்கள்.

சங்க விதி சின்னதுதான். மனு போடும் நாளில் அந்த எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவர் மட்டுமே தலைவர் பதவிக்கு நிற்கலாம். ஃபீல்டு ஆபீசர், கிளார்க், டிஸ்பென்சரி கம்பவுண்டர் போன்றவர்கள் ஸ்டாஃப். அவர்களுக்கு வேறு சங்கம். ஆயா என்பவர் டிஸ்பென்சரிக்குக் கீழே வருவதால் அவரும் ஸ்டாஃப்தான் என்பது சேகரின் வாதம். சேகர் ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் இயந்திரத்தை ஓட்டுபவர். சுப்பையாவின் வலது கை.

ஆட்சேபணையை இன்னொரு வேட்பாளர்தான் எழுப்ப முடியும். அதனால் நான் சுப்பையாவைப் பார்த்தேன். சுவரோரப் பெஞ்சில், தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க தலைவரே, இது சேகர் பேசற பேச்சா, உங்க ஆட்சேபணையா? எனக்கு அது தெரியோணும்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “என்னோடதுதாங்கய்யா” என்றார்.

அப்போதுதான் யோகேஸ்வரி வாய் திறந்தார். குரலை உயர்த்தவில்லை.

“தலைவரே, எங்க வீட்டுக்காரர யானை அடிச்சப்ப, எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தது நீங்கதான. மேனேஜர் தொர என்னைய ஸ்டாஃப் கணக்குல டெம்பரவரியாப் போடுறேன்னு சொன்னாரு. ‘அதெல்லாம் முடியாது, இந்தப் புள்ள தொழிலாளி, தொழிலாளியாத்தான் பேர் பதியணும்’னு ஆபீஸ் வாசல்ல ஆளுங்கள உக்கார வெச்சது யாரு?”

சுப்பையா மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

வாசலில் நின்றுகொண்டிருந்த பார்வதி என்ற கொழுந்துக்காரப் பெண்ணுக்குத் தாங்கவில்லை. “அவள ஸ்டாஃபுன்னு சொல்றீங்களே, அப்ப இவரு யாரு? போன மாசம் மால போட்டு ரிட்டையர்மெண்டு பண்ணி அனுப்புனோமே, அது யாருக்கு? இப்ப டெம்பரவரியாத்தான மலைக்கு வாராரு?”

“பார்வதியக்கா, சும்மா இருங்க” என்று யோகேஸ்வரி திரும்பிப் பார்த்து அதட்டினார். பிறகு என்னிடம், “அத எழுதாதீங்கய்யா. நாங்க அவரு மேல ஆட்சேபணை போடல” என்றார்.

எழுதாமல் இருக்கலாம். ஆனால் காதில் விழுந்துவிட்டது.

2. பெரட்டுக்களம்

முடிவை அடுத்த நாள் சொல்வதாகக் கூறிவிட்டுப் பந்தலூர் லாட்ஜுக்குப் போனேன். மறுநாள் விடிந்ததும் முதல் ஜீப்பைப் பிடித்து எஸ்டேட்டுக்கு வந்துவிட்டேன். விதியில் ‘நிரந்தரத் தொழிலாளி’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. அதில் தொழிலாளி என்ற சொல் யோகேஸ்வரிக்கு எதிராகக் கிளப்பப்பட்டிருந்தது. நிரந்தரம் என்ற சொல் சுப்பையாவின் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டையும் நேரில் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம்தான் பெரட்டுக்களம். பனிக்குள் ஆட்கள் சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று முகம் தெரியாது. இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டார். கொழுந்துப் பெண்களின் வரிசையிலேயே யோகேஸ்வரியின் பேரும் வந்தது. அவர் “வந்தாச்சு” என்று சொல்லிவிட்டு, சுற்றி நின்ற தாய்மார்களிடமிருந்து குழந்தைகளை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். நிரந்தர ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, தனியாக டெம்பரவரி ஆட்களின் பேர் வந்தது. அதில் முதல் பேர் சுப்பையா.

“வந்தாச்சு.”

என்னை அங்கே பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டார்.

ஆபீசில் மேனேஜரைப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து வந்த இளைஞர். அவரையும் அங்கே ‘தொர’ என்றுதான் சொன்னார்கள். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“ஆயாவை நீங்க ஸ்டாஃப்னே வெச்சுக்கலாம் சார். எங்க சைடுல எந்தப் பிரச்சினையும் இல்ல.”

“அப்ப ஸ்டாஃப் சம்பளம், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் எல்லாம் குடுக்கறீங்களாங்க?”

“நோ நோ. அது வொர்க்கர்ஸ் ஸ்கேல்தான். போனஸும் வொர்க்கர்ஸோடதான் வரும். அது வேற விஷயம் சார்.”

எனக்கு அது வேறு விஷயமாகத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சுப்பையா நிரந்தரம் இல்லை என்ற இன்னொரு பதிலும் தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

யாரும் முறையாக எழுப்பாத ஒரு ஆட்சேபணையை அதிகாரி தானாகக் கையில் எடுக்கலாமா? குன்னூருக்குப் போன் செய்து எங்கள் சங்க வக்கீலைக் கேட்டேன். “தகுதி இருக்கான்னு பார்க்கறதுதான் பரிசீலனை. எதிராளி விட்டுக்குடுத்தா தகுதி வந்துராது. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல, அப்ப நீங்க பார்த்துத்தான் ஆகணும்” என்றார் அவர்.

3. லயத்து வீடு

பரிசீலனை முடிவை டைப் செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு பஸ் ஏறுவதுதான் எங்கள் அலுவலக வழக்கம். அப்படிச் செய்தால் சண்டை சச்சரவு குறையும் என்பார்கள். அன்று ஏனோ எனக்கு அது ஒப்பவில்லை. மத்தியானம் வேலை விட்டதும் சுப்பையாவின் வீட்டுக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தின் கடைசி வீடு. வாசலில் செவ்வந்திச் செடிகள் வைத்திருந்தார்.

அவர் மனைவி சாயத்தண்ணி கொடுத்தார். பால் இல்லாத டீயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கூடவே ஒரு துண்டு வெல்லம். சுப்பையா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நாற்காலியைப் போட்டார்.

“சொல்லுங்கய்யா. எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்.”

“யோகேஸ்வரி மனுவ ஏத்துக்கறேனுங்க. உங்க மனு நிக்காதுங்க தலைவரே. ரிட்டையர் ஆகிட்டீங்க. நாளைக்கு யாராச்சும் கோர்ட்டுக்குப் போனா மொத்த எலெக்‌ஷனும் போயிரும். நீங்களே வாபஸ் வாங்கிக்கிட்டா மரியாதையா இருக்குமேன்னு சொல்ல வந்தேன்.”

கூரைத் தகரத்தில் மழை பிடித்தது.

“சிலோன்லருந்து கப்பல்ல வந்து எறங்குறப்ப நான் சின்னப் பய. எங்கப்பா கையில ஒரு தகரப்பொட்டி. மண்டபம் கேம்புல இருந்து இங்க கொண்டாந்து விட்டாங்க. இந்த எஸ்டேட்டுல யார் வீட்டுக்கு தண்ணி வரல, யாருக்கு லீவு தரல, யார் புள்ளைக்கு சாதி சர்ட்டிபிகேட்டு கெடைக்கல, எல்லாத்துக்கும் என்னையத்தான் கூப்புடுவாங்க. என் பேரச் சொல்லி யாரும் கூப்புட்டு நான் கேட்டதில்ல. தலைவரேன்னுதான். அது இல்லன்னா நான் இங்க யாருங்கய்யா? இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தலைவரா இருந்தா தள்ளிப் போடலாம்னு பாத்தேன்.”

“மகன் எங்கிருக்காருங்க?”

“திருப்பூர்ல. ஒத்த ரூமு. அதுல நாங்க ரெண்டு பேரு போயி எங்க படுக்க?”

அவர் மனைவி அடுப்படியில் இருந்து வெளியே வந்து, “அந்தப் புள்ள மேல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு ராத்திரி பூரா இவரு தூங்கலைங்க” என்றார்.

“நீ சும்மா இரு” என்று அவர் சொன்னார். அதில் கோபம் இல்லை.

வாபஸ் படிவத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“வேணாங்கய்யா. நானா பயந்து வாங்கிக்கிட்டேன்னு பேரு வரக்கூடாது. விதி தள்ளுதுன்னா நீங்களே தள்ளுங்க. ஆளுங்க முன்னால சொல்லித் தள்ளுங்க.”

அன்று மாலை கிளப் வாசலில் நின்று இரண்டு முடிவுகளையும் காரணத்தோடு படித்தேன். சுப்பையா முன்வரிசையில் நின்று கேட்டார். சேகர் கத்தினார். என்னை நிர்வாகத்தின் ஆள் என்றார். சுப்பையா மழையில் நடந்து போனார்.

4. கை தூக்கச் சொன்னவர்

எதிர்மனு இல்லை என்றால் போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நான் சான்றிதழை எழுத ஆரம்பித்தபோது யோகேஸ்வரி தடுத்தார்.

“இப்படி வேணாங்கய்யா. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூட்டி, கை தூக்கச் சொல்லுங்க.”

“விதிப்படி அது தேவையில்லீங்க.”

“விதிக்கு வேணாம். எனக்கு வேணும். நாளைக்கு தொர முன்னால போய் நிக்குறப்ப, உன்னைய யாரு தேர்ந்தெடுத்ததுன்னு கேப்பாரு. ஒரு பேப்பரு தேர்ந்தெடுத்துச்சுன்னா சொல்றது?”

“கை தூக்கலைன்னா?”

“வெலகிக்கிறேன். வேற ஆளு நிக்கட்டும்.”

எத்தனையோ எஸ்டேட்டில் தேர்தல் நடத்தியிருக்கிறேன். கையில் வந்துவிட்ட பதவியைக் கூட்டத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். எனக்குப் பயமாக இருந்தது. சேகர் ஆட்கள் வாட்ஸ்அப்பில், யாரும் கை தூக்கக்கூடாது என்று செய்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அந்தப் பக்கத்தில் அதுவே ஒரு விசேஷம். பெரட்டுக்களம் நிறைந்துவிட்டது. பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, வேலைநாளில் பார்த்த முகங்கள்தானா என்று சந்தேகப்படும்படி வந்திருந்தார்கள். ஆண்கள் ஃபேக்டரிச் சுவர் ஓரமாகத் தனியாக நின்றார்கள். குழந்தைகள் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கி விளையாடின. யோகேஸ்வரி நீண்ட பேச்சு எதுவும் பேசவில்லை. “புள்ளக்காம்பராவ மூட விடமாட்டேன். மத்ததெல்லாம் உங்களக் கேட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“சம்மதம் உள்ளவங்க கை தூக்கலாமுங்க” என்றேன்.

பெண்கள் பக்கம் கைகள் உயர்ந்தன. சுவரோரத்தில் ஒரு கையும் அசையவில்லை. பெண்களிலும் கீழ் டிவிஷன்காரர்கள் தங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூக்கிய ஒன்றிரண்டு கைகள் இறங்கவும் செய்தன. யோகேஸ்வரி சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். சேகர், “இது எலெக்‌ஷனே இல்ல! தலைவர வெளிய நிறுத்திட்டு என்ன எலெக்‌ஷன்?” என்று சத்தம் போட்டார்.

“சேகரு.”

சத்தம் வந்த பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். களத்துக்கு இறங்கும் படிக்கட்டில் சுப்பையா நின்றார். வரமாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. மஃப்ளர் இல்லை.

“கையத் தூக்குடா.”

“தலைவரே, உங்களுக்காகத்தான நாங்க இவ்வளவும்...”

“தலைவரு அங்க நிக்குறா. தூக்கு.”

சேகர் முகம் சிவந்துபோயிற்று. வேண்டாவெறுப்பாகத் தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கினார். அதன் பிறகு சுவரோரத்தில் ஒவ்வொரு கையாக எழுந்தது. எல்லாம் இல்லை. ஆனால் நான் தனித்தனியாக எண்ண வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு எழுந்தது.

சுப்பையாவும் தன் வலது கையைப் பாதி தூக்கினார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல என்னைப் பார்த்தார்.

“நான் தூக்கலாமுங்களாய்யா?”

பெரட்டுக்களமே என் வாயைப் பார்த்தது. ஓய்வு பெற்றவர் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். ஓட்டு கிடையாது. கண்டும் காணாததுபோல் இருந்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் என்னிடம் கேட்டுவிட்டார்.

“முடியாதுங்க தலைவரே” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். யோகேஸ்வரி அழுதுகொண்டே படிக்கட்டுக்குப் போய் அவர் காலைத் தொடக் குனிந்தார். “ஏய், எந்திரி. தலைவரு கண்டவன் கால்ல எல்லாம் விழக்கூடாது” என்று அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். பார்வதி சத்தம் போட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் சிரித்தார்கள்.

யோகேஸ்வரி தலைவராக ஆபீசுக்குப் போன முதல் நாளில் இரண்டு விஷயம் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒன்று புள்ளக்காம்பரா, இன்னொன்று சுப்பையாவின் வீடு. புள்ளக்காம்பரா தப்பித்தது, இன்றும் நடக்கிறது. வீட்டுக்குச் சில மாதங்கள் தவணைதான் கிடைத்தது. பிறகு சுப்பையாவும் அவர் மனைவியும் பந்தலூரிலேயே ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

கூட்டம் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை பஸ் ஏற்றிவிட சுப்பையாவே கேட் வரை வந்தார். குடை ஒன்றுதான் இருந்தது. வெயிலில் அதை எனக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

“என் மேல வருத்தமுங்களா?” என்று கேட்டேன்.

“வருத்தம் இல்லாம இருக்குமா? இருக்கு. ஆனா வீட்டுக்கு வந்து, உக்காந்து, மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க. போர்டுல ஒட்டியிருந்தா கிழிச்சிருப்பேன்.”

பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எத்தனையோ மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. சந்தா கட்டாதவர்கள், வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போனவர்கள், இரண்டு சங்கத்தில் பேர் வைத்திருந்தவர்கள் என்று பலர். தள்ளுபடி செய்யும் ஒவ்வொருவரையும் முதலில் நேரில் போய்ப் பார்த்து, காரணத்தை அவருக்குப் புரிகிற பேச்சில் சொன்ன பிறகே போர்டில் ஒட்டினேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் என் பையைத் தூக்கி வெளியே எறிந்தார். ஆனாலும் தள்ளுபடியான மனுக்களில் ஒன்றுகூட அதன் பிறகு கோர்ட்டுக்குப் போகவில்லை. தேர்தல் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் விதிகளை எப்படியும் படித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தள்ளுபடி என்று எழுதும் முன்பு, அந்த மனிதரின் வீடு எந்த லயத்தில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.